பாவாடைக்குக் கீழே உருக்குப் பற்கள்

தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டிலே, லா பாஸ் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தூரத்தில் உவாய்னா பொத்தோசி என்றொரு மலை உண்டு. உயரம் 6088 மீற்றர். எமது பிதுருதலாகலை 2524 மீற்றர்தான். அப்படி இரண்டு மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாலும் இதன் உச்சிக்கு இன்னும் ஆயிரம் மீற்றர் மிஞ்சும். வருடம் முழுவதும் பனி மூடிக் கிடக்கும் இந்த மலையில் ஏறுவதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வருபவர்களின் மூட்டை முடிச்சுகளைக் காவிச் செல்வதும், முகாமில் அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொடுப்பதும் அங்குள்ள அய்மாரா இனப் பெண்கள் பலருக்குப் பிழைப்பு. இவர்களில் பலரின் கணவன்மார் மலை வழிகாட்டிகள். கணவன் வெளிநாட்டவர்களைக் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போவார். மனைவி முகாமிலே சூப் காய்ச்சியபடி அவர்கள் திரும்பி வரும்வரை காத்திருப்பாள்.

மேலே போய் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் அதிசயத்தைக் கண்டவர்கள் போலத்தான் இறங்கி வந்தார்கள். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோமே என்று 2015 டிசம்பரில் இப்பெண்களில் பதினொருவர் தீர்மானித்தார்கள். பெரும்பாலானோர் நாற்பது வயதைக் கடந்தவர்கள், பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். லிடியா உவாய்யாஸ் என்ற சமையற்காரப் பெண்மணிக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. தங்கள் வழமையான அகலப் பாவாடையுடனேயே அவர்கள் பனியில் ஏறினார்கள். உச்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பாவாடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். ‘பொயேரா’ என்பது அதன் பெயர். பல மடிப்புகள் வைத்துத் தைத்த, கெண்டைக்கால் வரை வரும் பாவாடை. ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் வந்த உடை, பின்னர் சுதேசிப் பெண்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பொயேரா உடுத்த பெண்ணைச் ‘சொலித்தா’ என்று இளக்காரமாக அழைத்தார்கள். நல்ல உணவகங்களுக்குள்ளே விடமாட்டார்கள், சில வாகனங்களில் ஏற்றமாட்டார்கள். வீட்டு வேலைக்காரி, சந்தை வியாபாரி என்ற எண்ணந்தான் அந்த உடையைக் கண்டால் வரும். இப்பெண்களோ தங்கள் குழுவுக்கு ‘மலையேறும் சொலித்தாக்கள்’ என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். இளக்காரமாகச் சொன்ன பெயர் இன்று அவர்களுடைய விளம்பரப் பலகையாகிவிட்டது. பாவாடையை அவர்கள் விடவில்லை. முதுகிலே பிள்ளையையும் சந்தைச் சாமான்களையும் கட்டிச் செல்லும் ‘அகுவாயோ’ என்ற வண்ணத் துணியிலேயே மலைக்குரிய சாமான்களையும் கட்டிக்கொண்டார்கள். மாற்றியவை இரண்டு. தலையிலே வழமையாக வைக்கும் வட்டத் தொப்பிக்குப் பதிலாகத் தலைக்கவசம். காலிலே, கனத்த சப்பாத்தும் அதன் அடியில் உருக்குப் பற்களும்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தக் காலைப் பற்றியது.

பனியில் ஏன் வழுக்குகிறது? பனிக்கட்டியின் மேற்பரப்பிலே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, நீர்போன்ற ஒரு படலம் இருக்கிறது. கடுங்குளிரில் அந்தப் படலம் மிக மெல்லிதாகும். வெப்பநிலை பூச்சியத்தை நெருங்க நெருங்கத் தடிக்கும். அதனால்தான் உருகத் தொடங்கிய பனிக்கட்டி, கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் பனிக்கட்டியை விட மோசமாக வழுக்கும். மாரியிலே வயல் வரம்பில் நடந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. காய்ந்த வரம்பும் கால் தாங்கும், முழங்கால் வரை புதையும் சேறும் ஒருவிதமாகத் தாங்கும். மேலே மட்டும் நனைந்து உள்ளே இறுகிக் கிடக்கும் களிமண்தான் ஆளை விழுத்தும்.

பனியும் ஒரே பனி அல்ல. நேற்று இரவு பெய்த பனி பஞ்சு போன்றது. அதிலே வழுக்கும் பயம் குறைவு, ஆனால் முழங்கால் வரை, சிலவேளை இடுப்பு வரை புதையும். பலர் நடந்து மிதித்த பாதையிலே அதே பனி இறுகிச் சிமெந்துத் தரைபோல் ஆகிவிடும். பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த பனி கண்ணாடி. காற்று அடித்து அடித்து மேலே ஓடு போலக் கட்டிய பனியும் உண்டு. மிதித்தால் ஒரு கணம் தாங்கி, அடுத்த கணம் உடையும். ஒரே மலையில், ஒரே நாளில், இவை எல்லாவற்றையும் கடந்து போகவேண்டியும் வரலாம். ஆகையால் ‘பனிக்கு எந்தச் சப்பாத்து நல்லது?’ என்று கேட்பதில் பயனில்லை. ‘எந்தப் பனிக்கு?’ என்று கேட்டால்தான் மறுமொழி கிடைக்கும்.

பஞ்சுப் பனிக்கு அகலமான பனி மிதியடி. கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் காட்டுப் பாதைகளில் குளிர்காலத்திலே நடப்பவர்கள் இதைக் கட்டிக்கொள்வார்கள். சுளகு போன்று அகன்றிருப்பதால் உடற்பாரம் பரந்து, கால் புதையாது. மிதித்து இறுகிய, அதிகம் சரிவில்லாத பாதைக்கு ‘மைக்ரோ ஸ்பைக்ஸ்’ எனப்படும் சங்கிலிப் பற்கள் போதும். இழுபடும் இறப்பர் வளையம் ஒன்றில் சங்கிலிகள் கோத்து, சங்கிலிகளில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமான சிறு பற்கள் வைத்திருப்பார்கள். எந்தச் சப்பாத்தின் மேலும் இழுத்து மாட்டிவிடலாம். கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் எமது உறவுகளும் இவற்றைப் போன்ற, இன்னும் சிறிய பற்களை வீதி நடைபாதையில் நடப்பதற்கென்று மாட்டிக்கொள்கிறார்கள். நோர்வேயில் இதற்குப் ‘புரொட்டர்’ என்று பெயர். பனிக்கட்டியில் சறுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் வயதான பெண்கள் அங்கே அதிகம். மகளோடோ மகனோடோ இருக்கப் போகும் தாய்மாருக்கு இது பட்டுச் சேலையை விடப் பயனுள்ள அன்பளிப்பு. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கடைக்குள்ளோ தொடர்மாடி வாசலுக்குள்ளோ காலடி வைக்கும் முன் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். மாபிள் தரையில் உருக்குப் பல் பனிக்கட்டியில் சப்பாத்து வழுக்குவது போலவே வழுக்கும்.

மலைச் சரிவுக்கு இவை இரண்டும் ஈடுகொடுக்கா. உவாய்னா பொத்தோசியில் கட்டுவது ‘கிராம்பன்’. பத்து அல்லது பன்னிரண்டு பற்கள் உள்ள உருக்குச் சட்டம். பற்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளம். பன்னிரண்டு பல் உள்ளதிலே இரண்டு பற்கள் விரல்களுக்கு முன்னே நீட்டிக்கொண்டு நிற்கும். செங்குத்தான இடத்தில் அவற்றைப் பனியில் குத்தி நின்று ஏறலாம். மலைக்குப் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, சங்கிலிப் பற்கள் கீழ்ப்பாதையில் நன்றாகப் பிடித்தன என்ற நம்பிக்கையிலே அவற்றோடு சரிவிலும் ஏறிவிடுவது. ஏறுமட்டும் தாங்கும். இறங்கும்போது, உடற்பாரம் முழுவதும் முன்னே தள்ள, இறப்பர் வளையம் சப்பாத்திலிருந்து ஒருபக்கம் விலகும். சரிவிலே வழுக்கத் தொடங்கிய உடம்பு சில வினாடிகளிலேயே தடுக்கமுடியாத வேகத்தை எடுத்துவிடும்.

கிராம்பன் நவீன காலக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடவேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ரேபோ, கொக்கேசியா மலைவாசிகள் பதனிடாத மாட்டுத் தோலில் பறைபோல் அகன்ற பாதணி செய்து, அதில் முட்களும் வைத்துப் பனியில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பத்துப் பல் வடிவத்தை 1908இல் ஒஸ்கார் எக்கன்ஸ்ரைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் வரைந்தார். அதை அடித்துச் செய்து கொடுத்தவர் இத்தாலியின் மலைக்கிராமம் ஒன்றில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஹென்றி கிரிவெல். முன்பற்கள் இரண்டும் 1929இல் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையால் சேர்க்கப்பட்டன. சப்பாத்தின் அடிக்கும் ஒரு கதை உண்டு. 1935இல் இத்தாலிய அல்ப்ஸ் மலையில் ஆறுபேர் இறந்தார்கள். அவர்களுடன் சென்றிருந்த வித்தாலே பிரமானி, அந்தக் காலத்துப் பாதணிகள் குளிருக்கும் பனிக்கும் பொருந்தாதவை என்பதைக் கண்டு, ஆழமான பூவெட்டுகள் கொண்ட இறப்பர் அடியை 1937இல் செய்தார். உழவு இயந்திரத்தின் பெரிய சில்லைப் பாருங்கள், அதே தத்துவந்தான். இன்று உலகெங்கும் மலைச் சப்பாத்துகளில் காணப்படும் ‘விப்ராம்’ அடி அவருடைய பெயரின் சுருக்கம். ஆறு உயிர்கள் போனபின்பு வந்த புத்தி.

பல் எவ்வளவு கூராக இருந்தாலும், அது கட்டப்படும் சப்பாத்துச் சரியில்லையென்றால் பயனில்லை. வளையும் சப்பாத்தில் விறைப்பான கிராம்பனைக் கட்டினால், ஒவ்வொரு அடியிலும் சப்பாத்து வளைய, சட்டம் வளையாமல் நிற்க, கடைசியில் கழன்றுவிடும் அல்லது முறிந்துவிடும். அதனால் அடி வளையாத கனத்த சப்பாத்து வேண்டும். ஆறாயிரம் மீற்றரில் அது பெரும்பாலும் இரட்டைச் சப்பாத்தாக இருக்கும். வெளியே கடினமான கோது, உள்ளே கழற்றக்கூடிய மெத்தென்ற உட்சப்பாத்து. இரவில் உட்சப்பாத்தைப் படுக்கைக்குள் வைத்து ஈரம் உலர்த்திக்கொள்ளலாம்.

லா பாஸ் நகரில் சகார்னகா வீதிப் பக்கம் போனால் மலைப் பயண முகவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். சப்பாத்தும் கிராம்பனும் வாடகைக்குக் கிடைக்கும். வாடகைச் சாமானை மலையில் வைத்து முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பது மடமை. மலையில் போடப்போகும் தடித்த காலுறையுடன் கடையிலேயே போட்டுப் பார்க்கவேண்டும். விரல்களை உள்ளே தாராளமாக அசைக்க முடியவேண்டும். நடக்கும்போது குதி மேலே கிளம்பக்கூடாது. படியிலிருந்து இறங்கிப் பார்க்கும்போது பெருவிரல் முன்னே முட்டக்கூடாது, முட்டினால் மலையிலிருந்து இறங்கி வருமுன் நகம் கறுத்துவிடும். பிறகு கிராம்பனைக் கட்டி, காலைத் தூக்கி நன்றாக உதறவேண்டும். சிறிது ஆடினாலும் வேறொன்று கேட்கவேண்டியதுதான். வார் கொளுக்கிகள் காலின் வெளிப்பக்கமாக வரவேண்டும், மிஞ்சிய வாரைச் செருகிவிடவேண்டும். வாடகைச் சப்பாத்துகள் பெரும்பாலும் ஆண்களின் காலளவுக்குச் செய்தவை. இடைவெளியை நிரப்ப இரண்டு மூன்று காலுறை போட்டுச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். கேட்கவேண்டாம். சிறிய அளவு கிடைக்கும்வரை அடுத்த கடைக்குப் போவதே மேல்.

காலுறை பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரத்தை வைத்துக்கொள்ளும், ஈரக்கால் விரைவாகக் குளிரும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆண்டிஸ் மலையில் யாமா, அல்பாக்கா என்ற விலங்குகளின் உரோமத்தில் பின்னிய காலுறைகளுக்குக் குறைவில்லை. தடிப்பு வேண்டும், இறுக்கம் கூடாது. இறுக்கினால் விரலுக்கு இரத்தம் போவது குறையும். இரத்தம் போகாத விரலை எந்தக் கம்பளியும் காப்பாற்றாது. இடம்பெயர்ந்து நாட்கணக்கில் நடந்த எம்மிற் பலருக்கு, நனைந்த கால் என்ன பாடுபடும் என்று தெரியும். அங்கே அத்துடன் உறைகுளிரும் சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு குளிர்? ஆயிரம் மீற்றர் ஏற வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும். 3600 மீற்றரில் உள்ள லா பாஸ் நகரில் குளிர்கால இரவொன்று பூச்சியப் பாகை என்றால், அந்த மலை உச்சியில் பூச்சியத்துக்குக் கீழே 16 பாகை இருக்கலாம். அதோடு காற்று. பூச்சியத்துக்குக் கீழே 15 பாகையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 27 பாகை போலத் தாக்கும். மூச்சுக் காற்றும் பாதிதான், கடல் மட்டத்தில் உள்ள அமுக்கத்தில் ஏறத்தாழ அரைவாசி. தலையிடியும் வாந்தியும் தொடங்கினால் அதற்கு நல்ல மருந்து இறங்குவதுதான்.

அங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அதுவே மலையேறும் பருவமும் கூட. மழைக்காலம் நவம்பரிலிருந்து மார்ச் வரை வரும், அப்போது மேலே புதுப்பனி குவிந்து பனிச்சரிவு ஆபத்து கூடும். குளிர்காலத்தில் வானம் வெளித்து, பனி இறுகிக் கிடக்கும். சமையற்காரப் பெண்கள் முதன்முதலாக ஏறியது டிசம்பரிலே, அதாவது இலகுவான மாதத்தில் அல்ல.

இறுகிய பனிக்காகத்தான் எல்லோரும் நள்ளிரவு கடந்தவுடன் புறப்படுகிறார்கள். ஐயாயிரம் மீற்றருக்கு மேலுள்ள முகாமிலிருந்து நெற்றி விளக்குடன் வெளிக்கிட்டால், விடியும் வேளையில் உச்சி. இரவுக் குளிரில் இறுகிய பனியில் உருக்குப் பல் ‘கிறீச்’ என்று இறங்கிப் பிடிக்கும். வெயில் ஏறியதும் பனி ஈரமாகி, கிராம்பனின் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். பற்கள் அந்தக் கட்டிக்குள்ளே மறைந்துவிட, காலில் உருக்கு இருந்தும் இல்லாதது போலத்தான். பனிக்கோடரியின் பிடியால் சப்பாத்தின் பக்கத்தில் தட்டித் தட்டிக் கட்டியை உதிர்த்தபடி இறங்கவேண்டும். சட்டத்தின் அடியில் இறப்பர் தகடு பொருத்திய கிராம்பனில் இந்தத் தொல்லை குறைவு, வாடகைக்கு எடுக்கும்போது பார்த்து எடுக்கலாம். வெயில் ஏறினால் பனிக்கட்டியாற்றின் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலங்களும் இளகும். இந்தப் பிளவுகளுக்காகவே வழிகாட்டியும் மற்றவர்களும் ஒரே கயிற்றில் பிணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கவேண்டும்.

உருக்குப் பல்லுடன் நடப்பதும் பழகவேண்டிய ஒன்று. வழமையான நடையில் குதியை முதலில் வைப்போம். கிராம்பனில் பாதம் முழுவதையும் ஒரேயடியாகத் தட்டையாக வைத்து, எல்லாப் பற்களும் பனியில் இறங்கும்படி மிதிக்கவேண்டும். கால்களைச் சற்று அகட்டி நடக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு காலின் பல் மறுகாலின் துணியில் கொளுவி ஆளை விழுத்திவிடும். பல மலை விபத்துகளின் காரணம் இந்தச் சின்னக் கொளுவல்தான். பாவாடையுடன் எப்படி என்று பலர் கேட்டது நியாயமான கேள்வி. பொயேரா கெண்டைக்காலுடன் நின்றுவிடுகிறது. பல் அதற்குக் கீழே இருக்கிறது. குளிருக்கு உள்ளே காலோடு ஒட்டிய உடை. சுமையோடும் பிள்ளையோடும் மேடு பள்ளம் ஏறி இறங்கிய பெண்கள், பாவாடையை எங்கே விடவேண்டும், எங்கே ஒதுக்கவேண்டும் என்று சிறுவயதிலிருந்தே அறிந்தவர்கள். கோடரி சரிவின் மேற்பக்கக் கையில் இருக்கவேண்டும். இறங்கும்போது பயத்திலே மலைப்பக்கமாகப் பின்னால் சாயத்தான் உடம்பு சொல்லும். சாய்ந்தால் பற்கள் கிளம்பிக் கால் வழுக்கும். முழங்காலைச் சற்று மடித்து, பாரத்தைப் பாதத்தின் மேலேயே வைத்திருக்கவேண்டும். களைப்பும் ‘ஏறிவிட்டோம்’ என்ற அலட்சியமும் சேரும் நேரம் அது. பல விபத்துகள் இறங்கும்போதே நடக்கின்றன.

விரல் விறைத்து உணர்வு போய், வெளிறி மெழுகு போலானால் உறைகடி தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தேய்க்கக்கூடாது. பனியால் தேய்ப்பது பழைய காலத்து மூடப்பழக்கம். நெருப்பில் காட்டவும் கூடாது, உணர்வற்ற தோல் வேகுவதே தெரியாது. முகாமுக்கு வந்தபின் 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் வைத்திருக்கவேண்டும். மீண்டும் உறையக்கூடிய இடமென்றால், அங்கே வைத்து உருக்கக்கூடாது. ஒருமுறை உருகி மறுபடி உறைந்த விரலுக்குச் சேதம் பன்மடங்கு.

2015க்குப் பின்னர் அந்தப் பெண்கள் சமையலறைக்கு மட்டும் திரும்பிப் போகவில்லை. பொலிவியாவின் வேறு உயர்ந்த சிகரங்களிலும் ஏறினார்கள். 2019 ஜனவரியில் ஆர்ஜென்ரீனாவுக்குச் சென்று, அமெரிக்கக் கண்டங்களிலேயே உயர்ந்ததான, 6961 மீற்றர் அக்கொன்காகுவா மலையில் ஏறினார்கள். குழுவைச் சேர்ந்தவர்கள் பொயேராவுடன் அதன் உச்சியில் நின்றார்கள். அந்தப் பயணம் ‘சொலித்தாஸ்’ என்ற ஆவணப்படமாகவும் வெளிவந்தது. இன்று அவர்களிற் சிலர் தாங்களே வழிகாட்டிகள். முன்பு சாமான் காவிச் சென்ற பாதையிலே, கயிற்றின் முன்தலைப்பில் நடந்து வெளிநாட்டவர்களைக் கூட்டிச் செல்கிறார்கள். வழிகாட்டியின் கூலி சமையற்காரியின் கூலியை விட அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்களின் சாதனை பற்றி எழுதுபவர்கள் இந்த விடயத்தை ஏனோ எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

அவர்களுடைய இப்போதைய கவலை வேறு. உவாய்னா பொத்தோசிக்குப் பக்கத்திலேயே சக்கல்த்தாயா என்றொரு மலை இருக்கிறது. ஐயாயிரம் மீற்றருக்கு மேலே, உலகிலேயே உயரமான பனிச்சறுக்கு இடங்களில் ஒன்றாக அது பெயர் பெற்றிருந்தது. பூமி சூடாகச் சூடாக அங்கிருந்த பனிக்கட்டியாறு சுருங்கிச் சுருங்கி, 2009இல் முற்றாக மறைந்துவிட்டது. உவாய்னா பொத்தோசியின் பனியும் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. பிளவுகள் அகல்கின்றன, முன்பு பனி மூடியிருந்த இடங்களில் பாறை தெரிகிறது. பாறையில் கிராம்பன் பிடிக்காது, உரசித் தடுக்கும். ஆகவே கட்டுவதும் கழற்றுவதுமாகப் பாதை நீள்கிறது. கீழே எல் அல்ட்டோவிலும் லா பாஸிலும் குடிநீருக்கு இந்த மலைகளையே நம்பியிருக்கிறார்கள். 2016 நவம்பரில் லா பாஸின் பல பகுதிகளில் குழாய்கள் வற்றி, பெண்கள் வாளிகளுடன் தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றார்கள்.

சக்கல்த்தாயாவில் பனிச்சறுக்குக்காரர்கள் தங்கிய பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கே போகிறவர்கள் இப்போது கற்களின் மேலே, சாதாரணச் சப்பாத்துடன் நடக்கிறார்கள்.